வெயிலும் இடிமழையும் ஒரே அறிவிப்பில் ஏன்? கிருஷ்ணகிரி, தருமபுரிக் கோடையைப் பற்றி ஒரு பதில்

காவேரிப்பட்டணத்துப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் நண்பர் ஒருவர் மே முதல் வாரத்தில் கேட்ட கேள்விக்கான பதில் இது. அவருடைய கேள்வி சுருக்கமாக இவ்வளவுதான். "வானிலை அறிவிப்பில் அதிகபட்ச வெப்பநிலை இயல்பைவிட 2 முதல் 3 டிகிரி செல்சியஸ் அதிகமாக இருக்கக்கூடும் என்கிறார்கள். அதே அறிவிப்பின் அடுத்த பத்தியில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை பெய்யும் என்றும், பலத்த காற்று வீசும் என்றும் சொல்கிறார்கள். வெயிலா, மழையா? மூன்று நாளாக எங்கள் ஊரில் ஒரு துளி இல்லை, பர்கூரில் கொட்டியிருக்கிறது. புழுக்கம் மட்டும் தாங்கவில்லை. செந்தூரா மா பறிக்க ஆள் சொல்லியிருக்கிறேன், பெங்களூரா மா இன்னும் மரத்தில் நிற்கிறது. இந்த அறிவிப்பை நான் எப்படி எடுத்துக்கொள்வது?"

முதலில் சொல்ல வேண்டியது, அந்த இரண்டு பத்திகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை என்பதே. நம் மாவட்டங்களில் ஏப்ரல், மே மாதத்து மாலை மழை அன்றைய பகல் வெயிலிலிருந்து பிறக்கிறது. வெயில் குறைந்த, மேகம் மூடிய ஒரு மே மாதப் பகலில் மாலை இடிமழைக்கான வாய்ப்பு பெரும்பாலும் குறைந்துவிடுகிறது. ஆகவே "வெயிலா, மழையா" என்று கேட்பதைவிட, "இந்த வெயிலோடு போதிய ஈரமும் சேர்ந்திருக்கிறதா, அது மேலே எழும்ப வழி இருக்கிறதா" என்று கேட்பது பொருந்தும். மற்றவை எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்தே விளங்கும்.

வெயிலை எடுத்துக்கொள்வோம். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஏறத்தாழ 12 டிகிரி, 12½ டிகிரி வட அட்சரேகையில் இருக்கின்றன. அதனால் ஏப்ரல் 22 முதல் 25 வரையிலான நாள்களில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. அந்த நாள்களில் நண்பகலில் நட்டு வைத்த கம்புக்கு நிழலே விழாது. கடலிலிருந்து இருநூறு கிலோமீட்டர் உள்ளே இருப்பதால், சென்னைக்கும் கடலூருக்கும் பிற்பகலில் ஆறுதல் தரும் கடற்காற்று நமக்கு உரிய நேரத்தில் வந்து சேர்வதில்லை. போதாதற்கு, கிருஷ்ணகிரி நகரை ஒட்டி நிற்கும் சையத் பாஷா மலையைப் போன்ற வெற்றுப் பாறைக் குன்றுகள் பகல் முழுவதும் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு இரவு ஒன்பது மணி வரை திருப்பிக் கொடுக்கின்றன. பாறையடியில் குடியிருப்பவர்களைக் கேட்டால் இதற்கு வேறு சான்று தேவைப்படாது. கத்திரி வெயில் எனப்படும் அக்கினி நட்சத்திரம் மே 4-ஐ ஒட்டித்தான் தொடங்குகிறது என்றாலும், நம் பகுதியில் மிகக் கடுமையான நாள்கள் பல ஆண்டுகளில் அதற்கு முன்பே, ஏப்ரல் கடைசி வாரத்திலேயே வந்துவிடுகின்றன. மே மாதத்தில் மாலை மழை தலைகாட்டத் தொடங்குவதே இதற்குக் காரணம்.

உயரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருக்க, ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டரை நெருங்குகிறது. சூளகிரி மேட்டை ஏறி ஓசூருக்குள் நுழைந்தால் மூன்று டிகிரி வரை குறைந்திருப்பதைப் பேருந்துச் சன்னல் ஓரத்தில் அமர்ந்தவர் உடம்பே சொல்லிவிடும். தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகள் அதைவிடக் குளிர்ச்சியானவை. எனவே ஒரே கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு ஒரே எண்ணைச் சொல்லும் எந்த அறிவிப்பையும் ஊத்தங்கரைக்காரரும் தளிக்காரரும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளக் கூடாது.

"இயல்பைவிட 2 முதல் 3 டிகிரி அதிகம்" என்பதற்கு வருவோம். இயல்பு என்பது அந்த நிலையத்தில், அந்த நாளில், முப்பது ஆண்டுகளாகப் பதிவானவற்றின் சராசரி. சமவெளி நிலையம் ஒன்றில் வெப்பநிலை குறைந்தது 40 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரிக்கு மேல் உயர்ந்திருந்தால்தான் இந்திய வானிலை ஆய்வுத் துறை அதை வெப்ப அலை என்று அழைக்கிறது; இயல்பு எதுவாக இருந்தாலும் 45 டிகிரியைத் தொட்டால் அதுவும் வெப்ப அலையே. 2024 ஏப்ரல் கடைசியிலும் மே முதல் வாரத்திலும் தமிழக உள்மாவட்டங்களுக்கு இந்த எச்சரிக்கை தொடர்ந்து கொடுக்கப்பட்டது. தருமபுரியும் அப்போது 40 டிகிரியைத் தாண்டியது. அந்தக் கோடையைப் பார்த்த பிறகுதான், 2024 அக்டோபரில், வெப்ப அலையைத் தமிழக அரசு மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் உயிரிழப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் வகுத்தது. இயல்பைவிட 2, 3 டிகிரி அதிகம் என்பது வெப்ப அலை அன்று. ஆனால் கல் குவாரியிலும் தகரக் கூரையின் கீழும் வேலை செய்பவருக்கு அந்த வேறுபாடு பெரிதல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனிப் புழுக்கம். இதில்தான் பலரும் குழம்புகிறார்கள். அறிவிப்பில் மாலை ஈரப்பதம் 35 விழுக்காடு என்று இருக்கும். உடம்போ வேர்த்து ஒழுகும். எண் பொய் சொல்கிறதா என்று கேட்பார்கள்.

என் வீட்டுத் தாழ்வாரத்தில், வெயில் படாத சுவரில், இரண்டு வெப்பமானிகளைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். ஒன்று சாதாரணமானது. இன்னொன்றின் குமிழைச் சுற்றி மெல்லிய வெள்ளைத் துணி. அதன் நுனி ஒரு சிறு மருந்துப் புட்டியிலுள்ள தண்ணீரில் தோய்ந்திருக்கும். துணியிலிருந்து நீர் ஆவியாகும்போது அந்தக் குமிழ் குளிரும். காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு அதிகம் குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் இரண்டும் நெருங்கி நிற்கும். பள்ளிப் பாடநூலில் உலர்குமிழ், ஈரக்குமிழ் என்று படித்தது இதுதான். செலவு சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். தோட்டம் வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் மாட்டி வைக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இப்போது ஒரு கணக்கைப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு 26 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் (அந்த வெப்பத்தில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இருக்கிறது என்பது) 69 விழுக்காடு. பிற்பகல் மூன்று மணிக்கு 38 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 35 விழுக்காடு. பாதியாகக் குறைந்ததுபோல் தெரிகிறது. உண்மையில் இரண்டு வேளையிலும் ஒரு கனமீட்டர் காற்றில் இருக்கும் நீராவி ஏறத்தாழ ஒன்றே, பதினாறு பதினேழு கிராம். சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும் என்பதால், அதே ஈரம் பிற்பகலில் விழுக்காட்டில் சிறியதாகத் தெரிகிறது. பாத்திரம் பெரிதாகிவிட்டது, தண்ணீர் அதேதான். மார்ச் மாதத்தில் வடக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் காய்ந்த காற்று வீசும் நாளில் இதே 38 டிகிரியில் ஈரப்பதம் 18 விழுக்காடாக இருக்கும். அன்று உதடு வெடிக்கும், வேர்வை தோன்றியவுடன் காய்ந்துவிடும், புழுக்கம் இருக்காது. 18-க்கும் 35-க்கும் இடையில்தான் கோடை மழையின் சேதி இருக்கிறது. 38 டிகிரியும் 35 விழுக்காடும் சேர்ந்தால் உடம்புக்கு 41 டிகிரிபோல் தோன்றும். கடலோர மாவட்டங்களில் 36 டிகிரியோடு 60 விழுக்காடு சேரும்போது அது 45-ஐத் தாண்டிவிடும். வானிலை மையம் "அதிக வெப்பநிலையும் அதிக ஈரப்பதமும் இருக்கும்போது அசௌகரியம் ஏற்படலாம்" என்று எழுதுவது இதைத்தான்.

"புழுங்கினால் மழை வரும்" என்று நம் பெரியவர்கள் சொல்வது அனுபவத்தில் எழுந்த சரியான கூற்று. ஆனால் அது பாதி உண்மை. புழுக்கம் என்றால் மூலப்பொருள் வந்து சேர்ந்துவிட்டது என்று பொருள். அடுப்பில் பானை ஏறிவிட்டது என்று மட்டும் அது சொல்லும். பொங்குமா என்பது வேறு கேள்வி.

அந்த ஈரம் நமக்கு எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி கிழக்கே வங்கக் கடலிலிருந்து கீழ்க்காற்றாக, திருவண்ணாமலை, திருப்பத்தூர் வழியே நகர்ந்து வருகிறது. மேற்கேயிருந்து, கர்நாடகப் பீடபூமியைக் கடந்து, வேறொரு காற்று வருகிறது. அது பெரும்பாலும் காய்ந்தது. இவ்விரண்டும் சந்திக்கும் வரிசையைத்தான் அறிவிப்பில் "காற்றின் திசை மாறுபடும் பகுதி" என்று எழுதுகிறார்கள். மகாராட்டிரத்திலிருந்து கர்நாடக உள்பகுதி வழியாகத் தென் தமிழகம் வரை அந்தப் பகுதி நீண்டிருப்பதாக ஏப்ரல், மே அறிவிப்புகளில் அடிக்கடி படித்திருப்பீர்கள். அந்தக் கோடு நம் தலைக்கு மேலோ பக்கத்திலோ இருக்கும் நாள்களில், எதிரெதிரே வரும் காற்றுக்கு மேலே எழும்புவதைத் தவிர வேறு வழியில்லை. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காடுகளின் மேலகிரி மலைகளும், தெற்கே சேர்வராயன் மலையும், தென்கிழக்கே சித்தேரி மலையும், வடகிழக்கே ஏலகிரி, ஜவ்வாது மலைகளும் அந்த ஏற்றத்துக்குக் கைகொடுக்கின்றன. அதனால்தான் முதல் மேகம் எப்போதும் மலை மேல் கட்டுகிறது. அறிவிப்பில் இந்த வரியைக் கண்டால், மாவட்டப் பெயர்ப் பட்டியலைவிட அதற்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

கடந்த ஆண்டு மே மாதத்து ஒரு பிற்பகலை அப்படியே சொல்கிறேன். காரிமங்கலத்தில் என் வீட்டு மொட்டை மாடியிலிருந்து மேற்கே மாரண்டஅள்ளி வரை வானம் திறந்திருக்கும். பன்னிரண்டு மணி வரை ஒரு பஞ்சு மேகம் இல்லை. ஒரு மணிக்கு மேற்கு மலை மேல் சிறு வெள்ளைக் குவியல்கள் தோன்றின. அவற்றின் அடிப்பகுதி எல்லாம் ஒரே மட்டத்தில், சுண்ணாம்புக் கயிறு தட்டியதுபோல் இருந்தது. ஏறும் காற்று குளிர்ந்து அதன் நீராவி துளியாகத் தொடங்கும் உயரம் அது. 38 டிகிரியும் 35 விழுக்காடும் இருந்தால் அந்த மட்டம் தரையிலிருந்து இரண்டேகால் கிலோமீட்டர் உயரத்தில் அமையும். 18 விழுக்காடாக இருந்தால் மூன்றரை கிலோமீட்டருக்குப் போய்விடும். மேக அடி உயரமாக இருந்தால் பெய்கிற மழை தரையைத் தொடும் முன்பே பெரும்பாலும் ஆவியாகிவிடும். வானத்திலிருந்து சாம்பல் நிறத் திரை தொங்கும், கீழே மண் நனையாது. மார்ச் மாத மேகங்கள் நம்மை ஏமாற்றுவது இப்படித்தான்.

இரண்டரை மணிக்கு அந்தக் குவியல்களில் ஒன்று மட்டும் மற்றவற்றைக் கீழே விட்டு எழும்பியது. ஓரங்கள் பூக்கோசு போலத் தெளிவாக, கணத்துக்குக் கணம் பொங்கிக்கொண்டே இருந்தன. நீராவி துளியாக மாறும்போது, தான் ஆவியாவதற்கு வாங்கிய வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. அது சிறிய வெப்பம் அன்று. உறைநிலைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். அந்த வெப்பம் காற்றை மேலும் மேலும் தள்ளும். மூன்றேகால் மணிக்கு அதன் தலை பரந்து தட்டையாகிக் கொல்லன் பட்டறைப் பட்டடை போல் ஆனபோது, அதைக் கார்திரள் மேகம் என்று சொல்லும் நிலை வந்துவிட்டது. முதல் உறுமல் கேட்டது. என் வீட்டில் அப்போதும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஈரத்துணி கட்டிய வெப்பமானி 25 காட்டியது, சாதாரணமானது 37½.

நாலு மணிக்குக் காற்று சுத்தமாக நின்றது. தென்னை ஓலை அசையவில்லை. பிறகு மேற்கே ஒரு செம்மண் சுவர் எழும்பி வந்தது. புழுதி, சருகு, பாலித்தீன் பை எல்லாம் சேர்ந்து மோதிய அந்தக் காற்றில் பக்கத்து வீட்டுத் தகரம் ஒன்று பிய்ந்து சாலையில் விழுந்தது. மழை அதற்கு ஏழெட்டு நிமிடம் கழித்துத்தான் வந்தது. கால் மணி நேரத்தில் சாதாரண வெப்பமானி 37½-லிருந்து 24-க்கு இறங்கியது. மழைமானியில் 22 மில்லிமீட்டர்.

அந்தக் காற்று எங்கிருந்து வந்தது என்பதை விளங்கிக்கொண்டால் கோடை மழையின் ஆபத்து விளங்கிவிடும். மேகத்திலிருந்து விழும் துளிகள், கீழே உள்ள காய்ந்த சூடான காற்றில் ஓரளவு ஆவியாகின்றன. அந்தக் காற்று, ஈரத்துணி சுற்றிய குமிழ் குளிர்வதைப் போலவே குளிர்ந்து, கனத்து, கீழே விழுகிறது. தரையில் மோதி எல்லாப் பக்கமும் சிதறி ஓடுகிறது. ஆகவே மழைக்காற்று எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்பதை அன்று பிற்பகலே ஈரக்குமிழ் ஏறத்தாழச் சொல்லிவிடும். இரண்டு வெப்பமானிகளுக்கும் இடையிலான இடைவெளி பெரிதாக இருக்கும் நாளில் மேகம் கட்டினால், மழை குறைந்தாலும் காற்று கடுமையாக இருக்கும். அறிவிப்பில் "மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் பலத்த காற்று" என்பது நாள் முழுவதும் வீசும் காற்றை அன்று, இந்தப் பத்து நிமிடத்தைக் குறிக்கிறது. ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடில்களின் மேல்விரிப்பு கிழிவதும், வாழை சாய்வதும், மாங்காய் கொத்துக் கொத்தாக உதிர்வதும் இந்தப் பத்து நிமிடத்தில்தான். ஆலங்கட்டியும் சில நாள் சேர்ந்துகொள்ளும்; நிலம் உயர்ந்த ஓசூர், தளிப் பகுதிகளில் பனிக்கட்டி உருகுவதற்குள் தரையைத் தொட்டுவிடும் வாய்ப்புச் சற்று அதிகம்.

சரி, ஏன் பர்கூரில் பெய்து காவேரிப்பட்டணத்தில் பெய்யவில்லை? ஒரு தனி இடிமேகத்தின் மழைப் பரப்பு ஐந்து முதல் பத்து கிலோமீட்டர் அகலம். ஆயுள் அரை மணி முதல் ஒரு மணி நேரம். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பரப்போ ஐயாயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். எட்டு கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு மேகம் அதில் நூற்றில் ஒரு பங்கைத்தான் நனைக்கும். "ஓரிரு இடங்களில்" என்ற சொல்லுக்கும் வானிலைத் துறையில் வரையறை உண்டு: ஒரு பகுதியிலுள்ள நிலையங்களில் கால் பங்குக்கு மிகாமல் மழை பதிவாகும் என்று பொருள். "ஒருசில இடங்களில்" என்றால் கால் பங்குக்கு மேல் பாதி வரை. "அநேக இடங்களில்" என்றால் அதற்கும் மேல். கிருஷ்ணகிரி, பர்கூர், ஊத்தங்கரை, போச்சம்பள்ளி, நெடுங்கல், பெணுகொண்டாபுரம், சூளகிரி, இராயக்கோட்டை, ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று மாவட்டத்தில் மழை அளக்கும் இடங்களில் இரண்டு மூன்றில் பதிவானாலே அந்த அறிவிப்பு பலித்துவிட்டது.

உங்கள் தோப்பின் நிலையிலிருந்து பார்ப்போம். அப்படிப்பட்ட நாளில் உங்கள் நிலத்தில் பெய்ய ஐந்தில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், தொடர்ந்து மூன்று நாளும் பெய்யாமல் போக ஏறத்தாழப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது. உங்களுக்கு நடந்ததும் அதுதான். அறிவிப்பும் தவறவில்லை, உங்கள் ஊரை வானம் ஒதுக்கவும் இல்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின் எச்சம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியதை நாம் மறக்க முடியாது. அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ள ஓர் அமைப்பு, அதன் பாதையை நாள்கள் முன்பே கணிக்க முயலலாம். கோடை இடிமேகத்துக்கு அந்தச் சலுகை இல்லை. காலையில் அது பிறந்திருக்கவே இல்லை.

இதனால் அறிவிப்புகளை அவற்றின் கால அளவுக்கு ஏற்பப் பிரித்துப் படிக்க வேண்டும். கோடை தொடங்கும்போது வரும் பருவக் கண்ணோட்டம், இந்தக் கோடை மொத்தத்தில் இயல்பைவிடச் சூடாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று மட்டும் சொல்லும். மே 12-ஆம் தேதி எப்படி என்று அதில் தேடக் கூடாது. வியாழக்கிழமைகளில் வரும் நீட்டிக்கப்பட்ட முன்னறிவிப்பு, அடுத்த இரண்டு வாரங்களின் போக்கைச் சொல்லும். ஐந்து நாள் அறிவிப்பில், எந்த நாள்களில் சூழல் வாய்ப்பாக இருக்கிறது என்பதைப் பார்க்கலாம். எந்த ஊர் என்பதை அடுத்த மூன்று மணி நேரத்துக்கான உடனடி அறிவிப்புத்தான் ஓரளவு சொல்லும். ரேடார் படத்திலும் ஓர் எச்சரிக்கை தேவை. சென்னை ரேடாரிலிருந்து கிருஷ்ணகிரி ஏறத்தாழ 230 கிலோமீட்டர், தருமபுரி 250. பூமியின் வளைவால் ரேடார் அனுப்பும் கதிர் நம்மை எட்டும்போது தரையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் உயரத்தை ஒட்டிச் செல்கிறது. மேகத்தின் வயிற்றைத்தான் அது பார்க்கிறது, அடிப்பகுதியைப் பார்ப்பதில்லை. படத்தில் நிறம் இருந்தும் கீழே நனையாத நாள்கள் உண்டு. நம் பகுதிக்குப் பக்கத்திலேயே ஒரு ரேடார் வேண்டும் என்று நான் ஓயாமல் சொல்வதற்கும் இதுவே காரணம்.

வானம் பார்ப்பதையும் விடக் கூடாது. ஈரம் நிறைந்த நாளாக இருந்தும் நண்பகல் வரை மேகமே கட்டவில்லை, கட்டிய மேகமும் தட்டையாகக் கிடக்கிறது என்றால், மேலே இரண்டு மூன்று கிலோமீட்டரில் சூடான காய்ந்த காற்று மூடி போட்டிருக்கிறது என்று பொருள். அந்த மூடி மாலை வரை திறக்காவிட்டால் புழுக்கத்தோடு நாள் முடிந்துவிடும். உங்கள் மூன்று நாளும் அப்படியே முடிந்திருக்கலாம். ஆனால் ஐந்து மணிக்கு மேல் திடீரென்று திறந்தால், அதுவரை தேங்கியிருந்ததெல்லாம் ஒரே மேகமாக எழும்பும். நான் பார்த்த மிகக் கடுமையான காற்றுகள் அப்படித் தாமதமாக வந்தவைதான்.

மின்னலைப் பற்றி வேறெதையும்விட அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். இந்தியாவில் ஆண்டுதோறும் 2,500-க்கும் மேற்பட்டோர் மின்னல் தாக்கி இறக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வயலிலும் மேய்ச்சல் நிலத்திலும் இருந்தவர்கள். மழை தொடங்கிய பிறகுதான் ஆபத்து என்று எண்ணுவது பெரும் தவறு. மேகத்தின் மழைப் பகுதியிலிருந்து பத்துக் கிலோமீட்டர் தள்ளி, வெயில் அடிக்கும் இடத்திலும் மின்னல் இறங்கும். ஒளி தெரிந்ததிலிருந்து ஓசை கேட்கும் வரை எண்ணுங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் ஓசை கேட்டால் வேலையை நிறுத்திவிட்டுக் கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடியோசைக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வரக் கூடாது. நம் சாலையோரப் புளியமரமும் தனித்து நிற்கும் மாமரமும் அந்த நேரத்தில் ஒதுங்கும் இடங்கள் அல்ல. ஆடு மேய்ப்பவர்கள் ஆடுகளோடு சேர்ந்து மரத்தடியில் நெருங்கி நிற்பது எனக்குப் பல நாள் உறக்கத்தைக் கெடுத்த காட்சி. கட்டடம் எட்டவில்லை என்றால் மரத்தை விட்டு விலகி, தாழ்ந்த இடத்தில், ஒருவரை விட்டு ஒருவர் தள்ளி, பாதங்களைச் சேர்த்துக் குந்த வேண்டும், படுக்கக் கூடாது. கண்ணாடி ஏற்றிய கார் பாதுகாப்பானது. கைபேசி மின்னலை இழுக்காது. அதில் தாமினி செயலியை வைத்துக்கொண்டால் 20, 40 கிலோமீட்டர் சுற்றளவில் மின்னல் இறங்குவதைக் காட்டும்.

வெயிலில் வேலை செய்பவர்களுக்கு ஒரு சொல். மழை பெய்த மறுநாள் வெப்பமானி 35 காட்டும், எல்லோரும் குளிர்ந்துவிட்டது என்பார்கள். நனைந்த மண்ணிலிருந்து ஈரம் எழும்புவதால் அன்று வேர்வை காயாது. உடம்பு தன் வெப்பத்தை வெளியேற்றும் வழி அடைபடுகிறது. பறிப்பு ஆள்கள் மயங்கி விழுவது 39 டிகிரி நாளில் மட்டும் அன்று, இந்த நாள்களிலும் நடக்கிறது. கேழ்வரகுக் கூழும் உப்புப் போட்ட மோரும் தோப்பிலேயே இருக்கட்டும். தாகம் எடுக்கும் முன்பே குடிக்கச் சொல்லுங்கள். ஒருவர் பேச்சுக் குழறினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்துத் தடுமாறினாலோ, நிழலில் கிடத்தி, தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். நினைவு தெளிவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இனி உங்கள் தோப்பு. செந்தூராவைப் பறிக்க ஆள் சொன்னது சரியே. காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடித்துவிடுங்கள். வெயிலும் குறையும், மேகம் கட்டும் நேரத்துக்கு முன் கூடைகள் மண்டிக்குப் போய்விடும். முந்தைய மாலை மழை பெய்திருந்தால் காய் உலரும் வரை பொறுங்கள். நனைந்த காயைப் பறித்து அடுக்கினால் கரும்புள்ளியும் காம்பழுகலும் பழுக்கும்போது வெளியே வரும். காம்பைச் சற்று விட்டே கத்தரிக்க வேண்டும், இல்லாவிட்டால் பால் வழிந்து தோல் கருகும். பெங்களூராவை, அறிவிப்பில் காற்று என்று இருப்பதற்காக முற்றாமல் இறக்காதீர்கள். மாம்பழக் கூழ் ஆலையில் முற்றாத காய்க்கு மதிப்பு இல்லை. அப்படி இறக்குவது ஐந்தில் ஒரு வாய்ப்புக்கு அஞ்சி முழு விளைச்சலின் மதிப்பையும் குறைத்துக்கொள்வதாகும். அதற்குப் பதில் காய் தாங்காத கிளைகளுக்கு முட்டுக் கொடுங்கள், உதிர்ந்ததை அன்றன்றே பொறுக்கிவிடுங்கள். கிடந்து அழுகினால் பழ ஈ பெருகும். வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் வரும் வேளாண் வானிலை அறிவுரையைப் பாருங்கள். பூச்சி, நோய்க்கான ஐயங்களுக்குப் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையம் உங்களுக்கு அருகிலேயே இருக்கிறது.

மழை வந்தால் அதை வீணாக்காதீர்கள். ஒரு சென்டிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் நாற்பதாயிரம் லிட்டர் தண்ணீர். மரங்களுக்கு இடையே சரிவுக்குக் குறுக்காக ஓர் உழவு ஓட்டி வைத்திருந்தால் அது ஓடாமல் இறங்கும். சித்திரைப் புழுதியைப் பத்தரை மாற்றுத் தங்கம் என்றவர்கள் இதை அறிந்தே சொன்னார்கள். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று வலுத்துவிட்டால் மேலைக்காற்று இந்த இடிமேகங்களைக் கட்ட விடாது. ஆடி வரை காற்றும் மேகமுமாகப் போகும், மழை குறைவு. ஆகவே உங்கள் கிணற்றுக்கும் மரத்துக்கும் அடுத்த மூன்று வாரங்கள் முக்கியமானவை. நாளை பிற்பகல் இரண்டு மணிக்கு மாடியேறி மேற்கே பாருங்கள். மேகத்தின் அடி தாழ்ந்து, தலை பூக்கோசாகப் பொங்கிக்கொண்டிருந்தால் கூடைகளை உள்ளே எடுத்து வைத்துவிட்டு ஆள்களை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.